மட்டை சுழல்கிறது, பந்து போகவில்லை: பேஸ்போல் அடியில் கோளாறு எங்கே?

டென்னிஸ் பந்தில் ஆடுகிற சொப்ட்போல் கிரிக்கெட்டும் எல்லேயும் விளையாடிப் பழகிய கையோடு பேஸ்போல் மட்டையைத் தூக்குகிற நம் மலையகப் பிள்ளைகளுக்கு வருகிற கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஹட்டனில் பார்த்தாலும் சரி, பண்டாரவளையில் பார்த்தாலும் சரி, கை எரிகிறது, பந்து உருள்கிறது, இல்லையென்றால் தலைக்கு மேலே ஏறி அங்கேயே விழுகிறது. சுற்றி நிற்பவர்கள் சொல்கிற வைத்தியமும் ஒன்றுதான்: "இன்னும் பலமா அடிடா!" முதலில் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

உங்களுக்கு எந்த அறிகுறியோ அதற்கு நேரே போய்ப் படித்தால் போதும். ஆனால் ஒரு விஷயம் எல்லாவற்றுக்கும் பொது, அதைத் தாண்டிப் போகாதீர்கள். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஏறக்குறைய 0.7 மில்லிசெக்கன்தான். "பட்டது" என்று உங்கள் கைக்குத் தெரிவதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். ஆகவே படுகிற நேரத்தில் இறுக்கிப் பிடிப்பது, தோளால் தள்ளுவது, மணிக்கட்டைத் திருப்புவது, இதெல்லாம் பந்துக்குப் போய்ச் சேராது. பந்துக்குக் கிடைப்பது மூன்றுதான்: அந்த நேரத்தில் மட்டைக்கு இருந்த வேகம், அது போய்க்கொண்டிருந்த திசை, மட்டையில் பந்து பட்ட இடம். மூன்றும் அதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. கோளாறைத் தேடும்போது பின்பக்கமாக நடந்து போங்கள், அதாவது கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து காலுக்கு.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு வெள்ளைச் சோக்கட்டி வேண்டும், பந்தில் நன்றாகத் தேய்த்துவிட்டு அடித்தால் மட்டையில் எங்கே பட்டது என்று வெள்ளையாகப் பதியும். மெதுவோட்டத்தில் வீடியோ எடுக்கிற போன் ஒன்று. அப்புறம் இடுப்பு உயரத்துக்கு ஒரு எஸ்லோன் பைப், அதன் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ், பந்தை அதன்மேல் வைத்து அடிக்கலாம். பைப்பை ஒரு பெயின்ட் வாளிக்குள் நிறுத்திச் சுற்றிக் கல்லைப் போட்டுவிட்டால் விழாது. கீழே சொல்வதெல்லாம் வலதுகைக்காரருக்கு, இடதுகைக்காரர் திருப்பிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பந்து பட்டதும் கையில் சுள்ளென்று ஏறுகிறது

நுவரெலியாவில் காலை ஏழு மணிக்குப் பனியில் நின்று அடித்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளிரில் வலி கூடுதலாகத் தெரியும், அது உண்மைதான், ஆனால் காரணம் குளிர் இல்லை.

மரமட்டை பார்க்க விறைப்பாக இருந்தாலும் பந்து பட்டதும் வளைந்து நெளிந்து அதிர்கிறது, ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 170 தடவை, அதற்கு மேலே இன்னும் வேகமான அதிர்வுகளும் உண்டு. இந்த அதிர்வில் மட்டையின் சில இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும், உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் கணு என்று படித்திருப்பார்கள். தடித்த பக்கத்தில் இருக்கிற கணுவை ஒட்டிப் பந்து பட்டால் மட்டை அதிராது, கைக்கு ஒன்றும் தெரியாது. அதை விட்டு விலகிப் பட்டால் அதிர்வு பிடிக்கு ஓடி வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, கையைச் சுட்ட அந்தச் சக்தி பந்துக்குப் போயிருக்க வேண்டியது. கை எரிகிற அடி தூரமும் போகாது, இரண்டும் ஒரே கோளாறு.

உங்கள் மட்டையின் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, பிடியின் அடியில் இருக்கிற குமிழுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து மட்டையைத் தொங்க விடுங்கள். நுனியிலிருந்து தொடங்கி ஒரு சிறு சுத்தியலால் இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நுனியில் தட்டும்போது விரலில் கிர்ரென்று தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஓரிடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது, சத்தமும் சுத்தமாகக் கேட்கும். அதைத் தாண்டினால் மறுபடி கூடும். அந்த அமைதியான இடம் பெரும்பாலும் நுனியிலிருந்து 12 முதல் 18 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். அதைச் சுற்றி ஒரு டேப் ஒட்டுங்கள்.

இப்போது சோக்குப் பந்தை அடியுங்கள். வெள்ளைப் புள்ளிகள் டேப்புக்கு உள்ளே, பிடிப் பக்கமாகவே விழுந்தால் நீங்கள் பிளேட்டுக்கு, அதாவது பந்து தாண்டிப் போக வேண்டிய தரைத்தட்டுக்கு, மிகக் கிட்ட நிற்கிறீர்கள். நுனியிலேயே விழுந்தால் தூரமாக நின்று எட்டிப் பிடிக்கிறீர்கள். இதைக் கையை நீட்டி மடக்கிச் சரிசெய்யப் போகாதீர்கள், காலை அரையடி நகர்த்துங்கள், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சிதறி விழுந்தால் அது நிற்கிற இடத்தின் தவறல்ல, நேரத்தின் தவறு, கீழே "எல்லாம் ஃபவுல்" என்ற பகுதிக்குப் போங்கள்.

வலி மேல் கையின், அதாவது பிடியில் மேலே இருக்கிற வலதுகையின், பெருவிரல் இடுக்கில் மட்டும் என்றால் பிடியைப் பாருங்கள். மட்டையை உள்ளங்கைக்குள் புதைத்துப் பிடிக்கிறீர்கள். விரல்களில் பிடியுங்கள், கதவைத் தட்டுகிற முட்டிகள் இரண்டு கையிலும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

அறிகுறி: நடுவில்தான் படுகிறது, ஆனால் தூரம் போகவில்லை

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நல்ல மரமட்டையில் சரியான இடத்தில் பட்டால் பந்து கிளம்பும் வேகம் ஏறக்குறைய இப்படி வரும்: எறிந்த பந்தின் வேகத்தில் 0.2 பங்கு, அதோடு மட்டையின் வேகத்தில் 1.2 பங்கு. மணிக்கு 100 கிலோமீற்றரில் பந்து வருகிறது, மட்டை 80இல் சுழல்கிறது என்றால் 20ம் 96ம் சேர்ந்து 116. பந்து வீசுபவர் 10 கூட்டி எறிந்தால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் 2. நீங்கள் மட்டையில் 10 கூட்டினால் கிடைப்பது 12. "வேகமா வர்ற பந்துதான் தூரம் போகும்" என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கோடு விட்டுவிடலாம்.

அப்படியென்றால் மட்டை வேகம் எங்கே தொலைகிறது? நம் ஆட்களிடம் பெரும்பாலும் இடுப்பில். டென்னிஸ் பந்து 58 கிராம் அளவு, பேஸ்போல் 142 முதல் 149 கிராம். டென்னிஸ் பந்துக்கு முன்காலை வைத்து மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டினாலே தேயிலைக்குள் போய் விழுந்துவிடும், உடம்பைக் கூப்பிடத் தேவையே வந்ததில்லை. பேஸ்போலில் கை மட்டும் போதாது. பீலிக்கரையில் துணி அடித்துத் துவைப்பவர்களைப் பாருங்கள், இடுப்பு திரும்பி நிற்கும், அப்புறம் தோள், அப்புறம் கை, கை நிற்கப் போகிற நேரத்தில்தான் துணியின் நுனி பறந்து போய்க் கல்லில் அறையும். மட்டைக்கும் அதே வேலைதான். முன்கால் தரையில் ஊன்றி விறைக்கிறது, இடுப்பு திரும்பி வேகம் குறைகிறது, குறைந்த அந்தச் சுழற்சி தோளுக்கு ஏறுகிறது, தோள் குறையக் கைக்கு, கை குறைய மட்டைக்கு. ஒவ்வொன்றும் முன்னதைவிட எடை குறைந்தது, ஆகவே வேகம் கூடிக்கொண்டே போகிறது. எல்லாம் ஒன்றாகத் திரும்பினால், அல்லது கை முதலில் கிளம்பிவிட்டால், இந்தக் கைமாற்று நடக்காது.

போனில் பக்கவாட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். முன்பாதம் தரையில் அழுந்திய பிறகுதான் கை முன்னால் கிளம்ப வேண்டும். காற்சட்டையின் பெல்ட் பிட்சர் (பந்து எறிபவர்) பக்கம் திரும்பத் தொடங்கும்போது மட்டை இன்னும் பின்னாலேயே கிடந்தால் நல்லது. இரண்டும் ஒரே படத்தில் திரும்பினால் கோளாறு அங்கேதான். முன்முழங்கால் படுகிற நேரத்தில் மடங்கிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள், அங்கே பிரேக் பிடிக்காவிட்டால் மேலே எதுவும் ஏறாது.

இறுக்கிப் பிடிப்பது இரண்டாவது காரணம். பந்து பட்ட அதிர்ச்சி பிடிவரை ஓடித் திரும்பி வருவதற்குள் பந்து மட்டையை விட்டுப் போய்விடுகிறது, ஆகவே பிடி இறுக்கமோ தளர்வோ பந்தின் வேகத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் சுழற்றும்போது முன்கை இறுகியிருந்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், அது வேகத்தைத் தின்னும். மட்டை கையை விட்டுப் பறக்காத அளவு பிடித்தால் போதும்.

மூன்றாவது, மட்டை உங்களுக்குப் பெரிது. கடையில் கிடைத்ததை வாங்கி வருகிறோம், பெரிய ஆட்களின் 34 அங்குல மட்டையைப் பதினாறு வயதுப் பிள்ளை தூக்கிக்கொண்டு நிற்கிறது. மட்டையைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அதன் நிறை மட்டும் தீர்மானிப்பதில்லை, அந்த நிறை கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்து, அதுவும் தூரத்தின் வர்க்கமாக. சடத்துவத் திருப்பம் என்று படித்தது இதைத்தான். பிடியை மூன்று சென்ரிமீற்றர் மேலே ஏற்றிப் பிடித்தாலே இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், காசு செலவில்லை. வெட்கப்படாதீர்கள், அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டக்காரர்களும் ஏற்றிப் பிடிக்கிறார்கள்.

மட்டையைக் குடைந்து இலேசாக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிக்காகோ கப்ஸ் அணியின் சாமி சோசா 2003 ஜூனில் ஓர் ஆட்டத்தில் அடித்தபோது மட்டை பிளந்து உள்ளே கோர்க் இருந்தது தெரியவந்து தடை வாங்கினார். அதற்காவது பிரயோசனம் இருந்ததா என்றால், குடைந்த மட்டை வேகமாகச் சுழலும், ஆனால் நிறை குறைந்ததால் பந்தைத் தள்ளும் திறனும் குறையும், தூரத்தில் லாபம் ஒன்றுமில்லை. பிடியை ஏற்றிப் பிடிப்பதிலும் ஒரு நன்மை நேரத்தில்தான் வரும்: சீக்கிரம் சுழல்கிற மட்டையோடு கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்து பந்தைப் பார்க்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையா? பந்தை எடுத்துப் பாருங்கள். மழையும் மூடுபனியும் உள்ள நம் ஊரில் தோல் தண்ணீர் குடித்துப் பந்து கனத்திருக்கும், துள்ளலும் செத்திருக்கும். குளிர்ந்த பந்தும் துள்ளாது. அமெரிக்காவில் மலைப்பக்கமாக இருக்கிற டென்வரில் இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை, காற்று வறண்டு பந்து காய்ந்து அதிகம் பறந்ததால் 2002 முதல் ஈரப்பதம் வைத்த அறையில் பந்துகளைப் பாதுகாக்கிறார்கள். நாம் பந்தைச் சாக்குக்குள் போட்டுத் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். அடுப்புக்கு மேலே மட்டும் வைக்க வேண்டாம்.

அறிகுறி: எப்போதும் தரையில் உருள்கிறது

இது கிரிக்கெட் தந்த பழக்கம். எங்கள் பக்கத் தோட்டக் கிரவுண்டுகளில் பந்து நேராகத் தேயிலைக்குள் விழுந்தால் அவுட் என்று ஒரு சட்டம் உண்டு, பள்ளத்தில் இறங்கிப் பந்து தேட யாருக்கும் பிரியமில்லை என்பதுதான் காரணம். அதில் வளர்ந்தவர்கள் மட்டையை மேலிருந்து கீழே வெட்டியே பழகியிருக்கிறார்கள்.

பேஸ்போலில் பந்து நிலத்தில் குத்தி எழும்பாமல் நேரே வருகிறது. பிட்சர் மேட்டில் நின்று தலைக்குப் பக்கத்தில் விடுகிறார், 18.44 மீற்றர் தாண்டிப் பிளேட்டுக்கு வரும்போது நேர்பந்துகூட ஏறக்குறைய 6 பாகை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும், வளைபந்து இன்னும் செங்குத்தாக இறங்கும், மெதுவான பந்தும் அப்படித்தான். கீழே இறங்குகிற பந்தைக் கீழே இறங்குகிற மட்டையால் அடித்தால் இரண்டு பாதைகளும் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும். மட்டை அதே அளவு மேல்நோக்கி வந்தால் பந்தின் பாதைக்குள்ளேயே நீள நேரம் இருக்கும், கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பட்டுவிடும். 1941இல் .406 சராசரி, அதாவது பத்துக்கு நாலு தடவைக்கு மேலே ஒழுங்கான அடி, வைத்த அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

செய்ய வேண்டியது: பைப்பில் பந்தை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, பத்து மீற்றர் தள்ளி இரண்டு கம்புக்கு நடுவே நெஞ்சுயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு மேலே போக வேண்டும். கையால் தூக்கப் பார்க்காதீர்கள், பின்தோள் முன்தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் மட்டை தானே ஏறும். பட்ட பிறகும் உருள்கிறது என்றால் வீடியோவில் மேல் கை பந்துக்கு முன்பே கவிழ்கிறதா என்று பாருங்கள். படும் நேரத்தில் மேல் கையின் உள்ளங்கை வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அறிகுறி: தலைக்கு மேலே ஏறி அங்கேயே விழுகிறது

கிரிக்கெட் மட்டை தட்டை, ஒரு சென்ரிமீற்றர் மேலே கீழே பட்டாலும் திசை பெரிதாக மாறாது. இதுவோ உருண்டை, அதிலும் விட்டம் 6.6 சென்ரிமீற்றருக்கு மேலே இருக்கக் கூடாது என்பது சட்டம். பந்தின் ஆரையும் மட்டையின் ஆரையும் கூட்டினால் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர். பந்தின் மையத்துக்கு 2 சென்ரிமீற்றர் கீழே மட்டையின் மையம் போனால் தொடுகிற இடத்தின் சாய்வு 17 பாகை அளவு, நல்ல அடி, பின்சுழற்சியும் சேர்ந்து பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கும். 4 சென்ரிமீற்றர் போனால் சாய்வு 35 பாகைக்கு வந்துவிடும், பந்து கிளம்பும் கோணம் இன்னும் செங்குத்தாகிவிடும். ஒரு விரல் தடிப்புத்தான் ஹோம் ரன்னுக்கும் (வேலியைத் தாண்டிப் பறக்கிற அடி) கேட்சுக்கும் நடுவே இருக்கிறது. தூரம் போகிற அடிகள் பொதுவாக 25 முதல் 30 பாகையில் கிளம்புகின்றன.

பெரும்பாலும் முந்தைய கோளாறைத் திருத்தப் போய் அளவு மீறியவர்களுக்குத்தான் இது வரும், பின்முழங்கால் மடங்கி உடம்பே சரிந்துவிடுகிறது. பைப்பை நெஞ்சுயரத்துக்கு ஏற்றி அடித்துப் பழகுங்கள், சரிகிற உடம்பால் அந்த உயரத்துப் பந்தைத் தொடவே முடியாது.

அறிகுறி: பலமான அடிதான், ஆனால் எல்லாம் ஃபவுல்

கிரிக்கெட்டில் சுற்றிவர எங்கே அடித்தாலும் ஓட்டம். இங்கே 90 பாகைக்குள் வைக்க வேண்டும், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 45, அதற்கு வெளியே போனால் ஃபவுல். வேகமான சுழற்றலில் மட்டை ஒரு மில்லிசெக்கனுக்கு ஏறக்குறைய 2 பாகை திரும்புகிறது. 10 மில்லிசெக்கன் பிசகினால் மட்டை 20 பாகை திரும்பியிருக்கும், பந்து அதைவிட அதிகமாக விலகும், 30 பாகைக்கும் மேலே. இன்னும் கொஞ்சம் பிசகினால் கோட்டுக்கு வெளியே.

இடதுபக்கமே போனால் முந்துகிறீர்கள், வலதுபக்கமே போனால் பிந்துகிறீர்கள். பிந்துகிறவர்கள் கையை விரைவுபடுத்தாமல் முன்காலைச் சீக்கிரம் ஊன்ற வேண்டும். முந்துகிறவர்கள் காலை அதே நேரத்தில் ஊன்றிவிட்டு இடுப்பைப் பிடித்து வைக்க வேண்டும், மெதுவான பந்துக்கு இதுதான் மருந்து. உடம்புக்குக் கிட்ட வருகிற பந்தைப் பிளேட்டுக்கு முன்னாலும், தூரமாக வருவதைப் பிளேட்டுக்கு மேலேயும் சந்தியுங்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பிடிக்கப் பார்த்தால் பாதி ஃபவுல்தான்.

அறிகுறி: காற்றை அடிக்கிறீர்கள்

மணிக்கு 145 கிலோமீற்றர் பந்து பிட்சர் கையிலிருந்து பிளேட்டுக்கு வர ஏறக்குறைய 0.4 செக்கன், மட்டை சுழல 0.15 செக்கன் அளவு போய்விடும். நம் கிரவுண்டில் வருகிற 100 கிலோமீற்றர் பந்துக்கு 0.6 செக்கனுக்கு மேலே இருக்கிறது, ஆகவே நேரம் போதவில்லை என்ற சாட்டு இங்கே எடுபடாது. தலை அசைகிறது, அதுதான். சுழற்றும்போது நாடி முன்தோளிலிருந்து பின்தோளுக்கு வர வேண்டும், தலை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

அறிகுறி: மட்டை உடைகிறது

ஆஷ் மரத்து மட்டையில் கம்பனி முத்திரை வானத்தையோ தரையையோ பார்க்கும்படி வைத்து அடியுங்கள், முத்திரைப் பக்கத்தில் பட்டால் மரத்தின் அடுக்குகள் உரிந்து போகும். பழகுவதற்கு அலுமினியம் போதும். அதன் குழல் சுவர் அமுங்கித் திரும்புவதால் பந்து நசுங்கி இழக்கிற சக்தி குறைவு, அடி கொஞ்சம் பிசகினாலும் பறக்கும். அதனாலேயே அது உங்கள் பிழைகளை மறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: நுவரெலியாவில் பறந்த பந்து கொழும்பில் கேட்சாகிறது

இது கோளாறே இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹோம் ரன்னுக்குப் பேர்போன டென்வர் மைதானத்தைவிடவும் உயரம். காற்று அடர்த்தி குறைய இழுவையும் குறைகிறது, டென்வரில் ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாகப் பறக்கும் என்றால் 120 மீற்றர் அடிக்கு 6 மீற்றர், நமக்கு அதைவிடச் சற்றுக் கூட. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இந்தச் சலுகை உண்டு, அளவு குறைவு. தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வளைபந்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். பந்தை வளைப்பதும் அதே காற்றுத்தான், மேலே அது அரைகுறையாக வளைகிறது, கீழே முழுதாக வளையும். கொழும்புப் பக்கம் தியகமவில் ஆட்டம் இருந்தால் முதல் நாளே இறங்கிப் போய், உங்கள் அணியில் நன்றாக வளைத்து எறிகிறவரை அந்த மைதானத்திலேயே எறியச் சொல்லி அடித்துப் பாருங்கள். மட்டை பந்துக்கு மேலே மேலே போய்க்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், பார்க்கிற உயரத்தை ஒரு பந்து அளவு கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.